‘சவுண்ட்ஸ்டேஜ்’: ஒலிமேடையா, ஒலியரங்கா?

அன்புடையீர், வணக்கம்.

மேலைச் செவ்வியல் இசை கேட்பதற்கு ஏற்ற சிடி பிளேயரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய இழையில், ‘சவுண்ட்ஸ்டேஜ்’ (பதிவைக் கேட்கும்போது கருவிகள் நம் முன்னே பரந்து நிற்பதாகத் தோன்றும் இடம்) என்பதற்கு ‘ஒலிமேடை’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எளிய சொல், உடனே விளங்கும் சொல். ஆயினும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணத்தை ஓர் இசைப்பகுதியைக் கொண்டே சொல்கிறேன்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1830இல் இயற்றிய ‘சிம்ஃபொனி ஃபன்டாஸ்டிக்’கின் மூன்றாம் பகுதியில், மேடையிலுள்ள இங்கிலிஷ் ஹார்ன் என்ற குழல்கருவி அழைக்க, மேடைக்குப் பின்னே மறைந்திருக்கும் ஓபோ என்ற மற்றொரு குழல்கருவி மறுமொழி தருகிறது; முடிவில் அவ்வழைப்பு மீண்டும் எழும்போது ஓபோ பேசுவதில்லை, தொலைவில் உருளும் இடியாக டிம்பனி முழவுகளே ஒலிக்கின்றன. நல்ல பதிவில் அந்த ஓபோ ஒலிபெருக்கிகளுக்கு வெகு பின்னே நிற்பதாகத் தோன்றும். மேடையில் இல்லாத கருவியும் அடங்கும் ஒன்றை மேடை என்று எப்படி அழைப்பது?

ஆகவே ‘ஒலியரங்கு’ என்பதை முன்மொழிகிறேன். அரங்கு ஆடுமிடத்தையும் குறிக்கும், அதைச் சூழ்ந்த முழு இடத்தையும் குறிக்கும். மேலும், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்குக்கு அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என மூன்று அளவுகளையும் வகுத்திருப்பதால், அகலமும் ஆழமும் உயரமும் பேசவேண்டிய இடத்தில் இச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது. ‘ஒலிப்புலம்’, மின்புலம், காந்தப்புலம் என்ற வரிசையில் இயற்பியலுக்கு உரியது. ‘ஒலிப்பரப்பு’ வானொலியின் ஒலிபரப்போடு குழம்பும்.

வரையறையில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஒலியரங்கு அறையில் இருக்கும் பொருள் அன்று. இரு காதுகளையும் அடையும் ஒலியின் நேர வேறுபாடு, உரப்பு வேறுபாடு, எதிரொலி ஆகியவற்றைக் கொண்டு மூளை எழுப்பிக்கொள்வது. பிளேயரின் கடமை பதிவில் உள்ளதைக் கெடுக்காமல் தருவது மட்டுமே. 1982இல் வெளிவந்த சோனி சிடிபி-101, இடம், வலம் என்ற இரு தடங்களுக்கும், வட்டிலுள்ள எண்களை ஒலிக்கான மின்னலையாக்கும் ஒரே மாற்றியை மாறிமாறிப் பயன்படுத்தியதால், இடத்துக்கும் வலத்துக்கும் இடையே ஏறத்தாழ 11 மைக்ரோநொடி இடைவெளி விழுந்தது. அதற்குள் ஒலி கடக்கும் தொலைவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். தலையைச் சற்றே திருப்பினாலே அதைவிடப் பெரிய வேறுபாடு வந்துவிடும் என்பதால், இதைப் பெருங்குறையாக நான் கருதவில்லை. முழு இசைக்குழுவும் ஒரு சுரக்கோவையை முழக்கி நிறுத்தியபின் மண்டபத்தின் எதிரொலி எவ்வளவு நுணுக்கமாகத் தேய்ந்து அடங்குகிறது என்பதையே தேர்வின்போது உற்றுக் கேட்கவேண்டும், ஏனெனில் ஆழத்தின் தடயம் பெரிதும் அங்கேதான் இருக்கிறது. இரு பிளேயர்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்காவிட்டால் உரக்க ஒலிப்பதே மேலானதாகத் தோன்றும். ஒலிபெருக்கிகளை வைக்கும் விதமும் அறையும் பிளேயரைவிட ஒலியரங்கை அதிகம் மாற்றும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும்.

எஞ்சியிருப்பது ‘இமேஜிங்’. ஒலியரங்குக்குள் ஒவ்வொரு கருவியும் எங்கே நிற்கிறது என்பது துலங்கும் தன்மை அது. ‘இடத்தெளிவு’ என்றால், இடப்பக்கத் தடத்தைப் பற்றிய பேச்சோடு மயங்கும். ‘நிலைத்தெளிவு’ சரிவரும் என்று எண்ணுகிறேன்: “இப்பதிவில் ஒலியரங்கு அகன்றிருந்தும், மரக்குழல்களின் நிலைத்தெளிவு குன்றியிருக்கிறது.” இவ்வாக்கியம் உங்கள் காதுக்கு இயல்பாக ஒலிக்கிறதா என்று தெரிவியுங்கள்.