பழைய மேசை ரம்பம்: மும்முனை மோட்டாரை வீட்டில் இயக்க முடியுமா?

கேள்வி:
டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் சிறு மரவேலைப் பட்டறை அமைத்து வருகிறேன். மூடப்படும் தொழிற்கூடம் ஒன்றிலிருந்து வார்ப்பிரும்பு மேசை ரம்பம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கானது, வீட்டிலோ 230 வோல்ட் ஒருமுனை இணைப்பே உள்ளது. வாங்கலாமா?

மறுமொழி 1:
மோட்டாரின் விவரத் தகட்டை முதலில் பாருங்கள், ஐயா. 230/400 வோல்ட் என்றிருந்தால், சுருள்களை டெல்டா (முக்கோண) முறையில் இணைத்து, ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கித் தரும் வி.எஃப்.டி. கருவியால் இயக்கலாம், 400/690 என்றிருந்தால் மோட்டாரையே மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மின்வெட்டுக்காக நாம் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் இதற்கு உதவாது.

மறுமொழி 2:
கடற்கரை ஈரக்காற்றில் மேசையில் மேலோட்டமான துரு படிவது இயல்பே. தேய்த்து மெழுகு பூசினால் போதும். வார்ப்பில் விரிசலோ, நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்க்கையில் வளைவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி அச்சைக் கையால் சுழற்றினால் பேரிங்கின் நிலை புரியும். புதுப் பெயின்ட் பூசிய பழைய இயந்திரத்தை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

கேட்டவர்:
நன்றி. தகட்டில் 230/400 என்றே உள்ளது. மேசையைச் சரிபார்த்த பிறகே விலை பேசுவேன்.