சீயிங்: வளியமைதியா, வளிநடுக்கமா?

வணக்கம் ஐயா,

சமூகக் கல்லூரி வானியல் அறிமுக வகுப்புக்கான சொற்பட்டியலில் ‘சீயிங்’ (seeing) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘காட்சித் தெளிவு’ என்று இருக்கிறது. இது இடிக்கிறது. சுங்கை சிப்புட் மாணவர் அதைப் படித்ததும் புகைமூட்டத்தைத்தான் நினைப்பார். ஜெரெபு (அந்தப் புகைமூட்டம்) வந்தால் மங்குவது ஒளி. அதற்கு ‘வான்தெளிவு’ தனியாக இருக்கட்டும். சீயிங் என்பது, சூடும் குளிருமாகக் கலந்த காற்று ஒளியை ஓயாமல் வளைப்பதால் விண்மீனின் உரு துள்ளுவதும் பரவுவதும். இரண்டும் எதிரெதிராகவும் போகும். மாலை இடிமழை விட்டதும் வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும், வியாழனோ உலைத்தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். லேசான புகைமூட்டத்தில் அதே வியாழனின் பட்டைகள் கோடு கிழித்தாற்போல் நிற்பதும் உண்டு. ‘வளியமைதி’ என்று மாற்றலாமா?

———

வணக்கம் டீச்சர்,

பிரித்தது சரி. ஆனால் ‘வளியமைதி’ எண்ணோடு ஒட்டாது. சீயிங்கை விகலையில் (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு) அளக்கிறோம். “இன்று வளியமைதி 4 விகலை” என்றால் நேற்றைய 1 விகலையைவிட இன்று மேல் என்றுதான் காதில் விழும், உண்மை நேர்மாறு. சீயிங்கைத் தரம் பிரிக்கும் அந்தோனியாடி அளவுகோலிலும் 1 மிக நன்று, 5 படுமோசம். எண் ஏற ஏறக் கேடு ஏறும் என்றால் கேட்டின் பெயரையே வைப்பதுதான் முறை. நிலநடுக்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதே வார்ப்பில் ‘வளிநடுக்கம்’ என்கிறேன். (பிக்கரிங் அளவுகோலில் மட்டும் 10தான் நன்று. அறிமுக வகுப்புக்கு அது வேண்டாம்.)

அமைதி என்றால் இலை அசையாத இரவு என்றும் கொள்வார்கள். இலை அசையாத இரவிலும் தகரக் கூரையும் பூப்பந்துச் சிமெண்டுத் தளமும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும்.

———

நடுங்குவது உருதானே ஐயா? ‘உருநடுக்கம்’ இன்னும் துல்லியம் இல்லையா?

———

துல்லியம்தான், ஆனால் அகலம் அதிகம் டீச்சர். மாணவர் கால் டாப்சோனியன் தொலைநோக்கியின் அடிப்பலகையில் பட்டாலும் உரு நடுங்கும். அது பொதுச்சொல்லாக இருக்கட்டும். காரணத்துக்கு ஏற்றாற்போல் கிளைகள் பிரியட்டும்: வளிநடுக்கம், குழல்நடுக்கம், தாங்கிநடுக்கம்.

கிளை பிரிப்பது வெறும் சொல் ஆசை இல்லை, செய்முறைக்குத் தேவை. 200 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஆடி கணக்குப்படி 0.6 விகலை வரை பிரித்துக் காட்டும். வளிநடுக்கம் 2 விகலை என்றால் அந்தத் திறன் வீண். பெரிய ஆடி வாங்கினாலும் வெளிச்சம் கூடுமே தவிர நுணுக்கம் கூடாது. ஆனால் கோளாறு குழலுக்குள் என்றால் காத்திருந்தே சரிசெய்யலாம்.

பிரித்தறிய: 1200 மில்லிமீட்டர் குவியத் தூரத்துக்கு 6 மில்லிமீட்டர் கண்வில்லை, அதாவது 200 மடங்கு. பிப்ரவரியில் இரவு 11 மணிவாக்கில் வடக்கே உயரத்தில் நிற்கும் புனர்பூசத்துக் காஸ்டர் என்ற இரட்டை விண்மீனைப் பிடிக்கவும். அதன் இரு மீன்களுக்கும் இடைவெளி 5 விகலைக்குச் சற்றுக் கூட. நடுவில் கறுப்பு தெரிந்தால் பாடம் நடத்தலாம். ஒரே கட்டியாகத் தெரிந்தால் அன்றைக்கு நிலாப் பள்ளங்களோடு நிறுத்திக்கொள்ளவும். பிறகு ஒரு மீனின் குவியத்தைக் கலைத்து வட்டாக விரிக்கவும். மெல்லிய வரிகள் வட்டின் குறுக்கே ஒரே திசையில் விரைந்தால் அது மேல்வளி. ஒரு பக்கமாய்ப் புகைபோல் மெதுவாக எழுந்தால் குழல். மாணவருக்குக் காட்ட, கையைக் குழல் வாய்க்கு முன் நீட்டச் சொல்லுங்கள். விரல்களிலிருந்து எழும் சூடு வட்டுக்குள் நெளிவது அப்படியே தெரியும்.

———

பார்த்தால் விளங்கிவிடும் ஐயா. ‘வளிநடுக்கம்’ என்றே போடுகிறேன். குறிப்பில் இரண்டு வரி சேர்க்கலாமா? கார் நிறுத்துமிடத்துத் தார்த்தரையில் வைக்காமல் புல்திடலில் வைக்கவும். ஏர்கோன் அறையிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறக்க வேண்டாம்.

———

சேருங்கள். இரண்டாவதில் காரணத்தையும் எழுதுங்கள்: இங்குள்ள ஈரக்காற்றில் குளிர்ந்த ஆடி உடனே வியர்த்துவிடும், துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும். மூடியோடு ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் போதும். அப்படி வியர்ப்பதைப் ‘பனித்தல்’ என்று பட்டியலில் பார்த்தேன். இந்த ஊரில் ‘வியர்த்தல்’ தானே வழக்கு?