கிளவுட் சர்வரில் எத்தீரியம் வேலிடேட்டர்: மாற்று ஏற்பாடாக வீட்டுக் கணினியிலும் அதே சாவியை வைக்கலாமா?

கேள்வி (கீழக்கரை):

அனைவருக்கும் வணக்கம். எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் ஹூடி சோதனை வலையமைப்பில் வேலிடேட்டர் (பணத்தை வைப்பாக வைத்து, பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து வாக்களிக்கும் நிரல்) ஒன்றை இயக்கிப் பழகி வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் வலுத்தால் எங்கள் பக்கம் மின்சாரமும் இணையமும் மணிக்கணக்கில் நின்றுவிடுகின்றன. வீடு கடலை ஒட்டி இருப்பதால், உப்புக்காற்றில் கணினியின் யூஎஸ்பி துளைகள் பச்சை பூத்துக் கிடக்கின்றன. ஆகவே மும்பையில் ஒரு கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, உபுண்டு 24.04-இல் பரிவர்த்தனைகளைச் செயல்படுத்தும் நெதர்மைண்டையும் (எக்ஸிகியூஷன் கிளையண்ட்) வாக்களிப்பைக் கவனிக்கும் லைட்ஹவுஸையும் நிறுவியிருக்கிறேன். முதன்மை வலையமைப்புக்கு மாறுவதற்கு முன்பு இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது, முதன்மை வலையமைப்பை இணைத்துப் பார்த்தபோது செக்பாயிண்ட் முறையில் (தொடக்கத்திலிருந்து அல்லாமல் அண்மைய நிலை ஒன்றிலிருந்து தொடங்கும் முறை) லைட்ஹவுஸ் சில நிமிடங்களில் நடப்பு நிலைக்கு வந்துவிட்டது. நெதர்மைண்டோ நாள்கணக்கில் ஓடியும் பின்தங்கியே நிற்கிறது. இரண்டாவது, மும்பை சர்வர் நின்றுபோனால் உடனே வேலையை ஏற்கும்படி, வாக்குகளில் கையெழுத்திடும் அதே சாவிகளுடன் வீட்டுக் கணினி ஒன்றையும் தயாராக வைக்க எண்ணுகிறேன். இது சரியான ஏற்பாடா?

மறுமொழி (மண்டபம்):

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது அங்கேதான். அந்த ஏற்பாட்டைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேலிடேட்டர் ஒவ்வொரு எபோக்கிலும், அதாவது 6.4 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு வாக்கில் கையெழுத்திடுகிறது. ஒரே எபோக்குக்கு ஒரே சாவியிலிருந்து இரண்டு வெவ்வேறு வாக்குகள் வெளிவந்தால் அது ஸ்லாஷிங் குற்றம், அதாவது வைப்பில் ஒரு பங்கைப் பறித்து வெளியேற்றும் தண்டனைக்குரியது. ஏற்கெனவே எதில் கையெழுத்திட்டோம் என்ற பதிவேட்டை ஒவ்வொரு கணினியும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மும்பை கையெழுத்திட்டது கீழக்கரைக்குத் தெரியாது. "மும்பை நின்றால் மட்டும் வீட்டுக் கணினி எழட்டும்" என்று நீங்கள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆனால் மும்பை நின்றுவிட்டதா, அல்லது மும்பைக்குப் போகும் வழி மட்டும் அறுந்திருக்கிறதா என்பதை வீட்டிலிருந்து பார்க்கும் கணினியால் பிரித்தறிய முடியாது. நம் பகுதியில் மழைக்காலத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்த நேரத்தில் இரண்டு கணினிகளும் விழித்திருக்கும்.

நின்றுபோவதற்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நாள் நின்றால், அந்த நாளில் சம்பாதித்திருக்கக்கூடிய தொகை கிடைக்காது. ஏறக்குறைய அதே அளவுக்குச் சற்றுக் குறைவான தொகை அபராதமாகப் போகும், அவ்வளவுதான். வாக்குகள் போதாமல் வலையமைப்பின் பதிவுகளே இறுதியடையாமல் (மாற்ற முடியாதபடி உறுதியாகாமல்) தடுமாறும் அரிதான காலத்தில் மட்டும் இது கடுமையாகும். ஸ்லாஷிங் அப்படியல்ல. 2025 மே மாதப் பெக்ட்ரா மேம்பாட்டில் முதல் அபராதம் வைப்பில் 4096-இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் வேலிடேட்டர் கட்டாயமாக வெளியேற்றப்படும், பணம் சுமார் 36 நாள் முடங்கும், அதே காலத்தில் வேறு பலரும் சிக்கியிருந்தால் தண்டம் பன்மடங்காகும், அந்தச் சாவி மறுபடி ஒருபோதும் வேலைக்கு வராது.

மறுமொழி (தொண்டி):

முதல் கேள்விக்கு என் பதில்: கோளாறு பெரும்பாலும் வட்டில்தான் இருக்கும். கிளவுடில் கிடைக்கும் சாதாரண வட்டு, சர்வருக்குள் இருப்பதில்லை. வலை வழியாக இணைக்கப்பட்ட வட்டு அது. அமேசானின் ஜிபி3 வகையை எடுத்துக்கொண்டால், கூடுதல் கட்டணம் செலுத்தாதவரை வினாடிக்கு 3000 எழுத்து-வாசிப்புச் செயல்கள்தான் கிடைக்கும். எக்ஸிகியூஷன் கிளையண்ட் சிறு சிறு துண்டுகளாக இடைவிடாமல் வாசிப்பதால், அதற்கு அந்த வேகம் போதாது. சர்வருக்குள்ளேயே பொருத்தப்பட்ட என்விஎம்இ வட்டு 2 டெராபைட்டும், நினைவகம் 32 ஜிகாபைட்டும் இருக்கும்படி பாருங்கள். அத்தகைய உள்வட்டு, சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது வெறுமையாகிவிடக்கூடும். சங்கிலித் தரவு அழிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மண்டபத்து நண்பர் சொன்ன கையெழுத்துப் பதிவேடு அழியக் கூடாது. அதனால் வேலிடேட்டர் கோப்புறையை மட்டும் நிரந்தர வட்டில் வையுங்கள்.

30303, 9000 ஆகிய போர்ட்டுகளைத் திறந்து வையுங்கள். 8545-ஐயும் 8551-ஐயும் வெளியுலகுக்கு ஒருபோதும் திறக்காதீர்கள். இரண்டு கிளையண்டுகளும் ஒரே சர்வருக்குள் பேசிக்கொண்டால் போதும். சில கிளவுட் நிறுவனங்கள் ஸ்டேக்கிங்கையே (வைப்பு வைத்து வேலிடேட்டர் இயக்குவதை) விதிகளில் தடை செய்திருக்கின்றன என்பதால், வாடகை கட்டும் முன்பு அந்தப் பக்கத்தை முழுவதும் படித்துவிடுங்கள்.

சாவிகளை மறுபடி உருவாக்க உதவும் 24 சொற்களைச் சர்வரில் ஒருமுறைகூடத் தட்டச்சு செய்யாதீர்கள். இணையம் துண்டித்த வீட்டுக் கணினியில் சாவிகளை உருவாக்கி, கடவுச்சொல்லிட்ட சாவிக் கோப்புகளை மட்டும் மேலேற்றுங்கள். காகிதம் நம் ஊர் ஈரத்தில் நெடுநாள் தாங்காது. பாத்திரத்தில் பெயர் வெட்டும் கையியந்திரம் ஒன்றை வாங்கி, எவர்சில்வர் தகட்டில் சொற்களை நீங்களே வெட்டி வையுங்கள். கடையில் கொடுத்து வெட்டச் சொல்ல வேண்டாம். பணம் திரும்ப வரவேண்டிய முகவரியை ஒரு முறை பதிந்தால் பிறகு மாற்ற முடியாது என்பதால், அதை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

கேள்வி கேட்டவர் (கீழக்கரை):

இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டுக் கணினி யோசனையைக் கைவிடுகிறேன். ஆனால் அண்ணன், கிளவுட் நிறுவனம் கணக்கையே முடக்கிவிட்டால் என்ன செய்வது? அப்போது பதிவேட்டையும் எடுக்க முடியாதே.

மறுமொழி (மண்டபம்):

அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். சங்கிலியின் பதிவுகளை எல்லோருக்கும் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் உங்கள் வேலிடேட்டர் எண்ணைப் பாருங்கள். வாக்குகள் தொடர்ந்து தவறிக்கொண்டே வருகின்றனவா, தவறிய அந்த எபோக்குகள் இறுதியடைந்துவிட்டனவா என்பதை உறுதிசெய்துகொண்டு, அதற்கு மேலும் சில மணிநேரம் பொறுங்கள். முடக்கப்பட்ட சர்வர் தானாக மீண்டும் எழாது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்கு திரும்பக் கிடைத்தால் முதல் வேலையாக அங்குள்ள சாவிக் கோப்புகளை அழித்துவிடுங்கள். அதன் பிறகே 24 சொற்களிலிருந்து சாவியை மறுபடி உருவாக்கிப் புதிய சர்வரில் ஏற்ற வேண்டும். லைட்ஹவுஸில் டாப்பல்கேங்கர் பாதுகாப்பு என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால், கையெழுத்திடும் முன்பு இரண்டு மூன்று எபோக் அமைதியாக இருந்து, அதே சாவி வேறெங்காவது பேசுகிறதா என்று கேட்டுப் பார்க்கும். பழைய சர்வரிலும் இன்றே அதை இயக்கி வையுங்கள். கணக்கு உங்கள் கையில் இருக்கும்போதே, கையெழுத்துப் பதிவேட்டை ஏற்றுமதி செய்து புதிய இடத்தில் இறக்குமதி செய்யும் பயிற்சியை ஹூடியில் செய்துபாருங்கள். பழையதை நிறுத்திய பிறகே ஏற்றுமதி, ஏற்றுமதிக்குப் பிறகே புதியதைத் தொடங்குதல் என்ற வரிசை மாறக் கூடாது.