காண்ட்ராக்டர் இல்லாமல் சொந்தமாக ஆள் வைத்து வீடு கட்டியவர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

மொத்தமாக காண்ட்ராக்ட் விடாமல், பொருளை நாமே வாங்கி ஆளையும் நாமே பிடித்துக் கட்டினால் எவ்வளவு மிச்சமாகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் அப்படித்தான் கட்டினோம். மிச்சமும் ஆனது. ஆனால் அதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கோஷ்டி வேலையை முடித்துக் கிளம்பும்போது அடுத்த கோஷ்டி வாசலில் நிற்கும்படி உங்களால் செய்ய முடியுமா? காண்ட்ராக்டர் வாங்கும் லாபத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வேலைக்குத்தான்.

ரூஃப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் ஆள், அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பவர், பலகை அடித்து முடித்த பிறகுதான் கம்பி கட்டுகிறவர் ஏற முடியும். அவர் முடித்ததும் எலக்ட்ரீஷியன் வந்து பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைக்க வேண்டும். பிறகு இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் மிக்ஸர் மெஷினோடு கான்கிரீட் கோஷ்டி. எலக்ட்ரீஷியனுக்கு வேறு இடத்தில் வேலை இழுத்துவிட்டால் கான்கிரீட் ஆட்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பக் கிடைக்கும்வரை பலகைக்கும் முட்டுக்கும் வாடகை ஓடும். காண்ட்ராக்டர் கையில் நாலு சைட் இருப்பதால் ஆட்கள் அவர் கூப்பிட்டதும் வருகிறார்கள். நமக்கு இருப்பது ஒரே வீடு, அது முடிந்தால் நம்மிடம் வேறு வேலை இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

அதனால் நாங்கள் நடுவழி ஒன்றைப் பிடித்தோம். கொத்து வேலை, கம்பி, சென்ட்ரிங் மூன்றையும் ஒரே மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்டாக விட்டோம். பொருள் எங்கள் பொறுப்பு. எலக்ட்ரிக்கல், பிளம்பிங், மரவேலை மட்டும் தனித்தனி ஆட்கள். கூப்பிட வேண்டிய ஆட்கள் குறைந்துவிட்டார்கள். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கான்கிரீட் போடும் அன்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சைட்டை விட்டு நகராதீர்கள். சன்ஷேட், பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். கம்பிக்காரர் அப்படித்தான் கட்டிவிட்டுப் போவார். கலவை சுமந்து வருகிறவர்கள் அதன் மேலேயே நடப்பார்கள். மிதிபட்டு மிதிபட்டு அது பலகையோடு போய் ஒட்டிக்கொள்ளும். மேலே கலவை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது, பலகையைப் பிரித்த பிறகு விரிசல் விட்டால்தான் தெரியும். கம்பியை வளைத்து ‘சேர்’ செய்து கீழே முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நடக்கிற வழியில் பலகை போடச் சொல்லுங்கள். கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் ரூஃபுக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ. அதற்குப் பதிலாக ஜல்லியைச் செருகினால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

திருச்சி அண்ணா சொன்ன மேஸ்திரி முறையில்தான் நானும் கட்டினேன். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். சைட்டை நான்தான் பார்த்தேன். ஆரம்பத்தில் லோடு கொண்டுவருகிறவர்கள், “சார் எப்பம்மா வருவார்?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே கொட்டிவிட்டுப் போகப் பார்த்தார்கள். டேப்பைக் கையில் எடுத்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. சைட் பார்க்கப் போகிற பெண்களுக்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பர் கொட்டுவதற்கு முன்னால் ஏறி, தொட்டியின் உள்நீளம், உள்அகலம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தை மட்டும் ஓர் இடத்தில் அளந்து ஏமாறாதீர்கள். நடுவில் குவித்து வைத்திருப்பார்கள், மூலைகள் பள்ளமாக இருக்கும். மெல்லிய கம்பி ஒன்றைத் தரை தட்டும்வரை நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துச் சராசரி எடுங்கள். உள்ளே 14 அடி நீளம், 7 அடி அகலம் இருக்கும் வண்டியில் 3 யூனிட் என்றால் சராசரி உயரம் 3 அடிக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். இரண்டரை அடிதான் இருக்கிறது என்றால் அரை யூனிட்டுக்கு மேல் குறைகிறது. சில டிப்பர்களில் முன்பக்கம் ஜாக்கிக்கான பெட்டி உள்ளே துருத்திக்கொண்டிருக்கும், அந்த இடத்தையும் கழிக்க வேண்டும். எனக்குத் தொடர்ந்து லோடு போட்ட ஒருவர் நான் அளக்க ஆரம்பித்ததும், “நம்பிக்கை இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க” என்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டேன்.

கம்பிக்கு எடைச்சீட்டு வாங்குவதோடு எண்ணியும் பாருங்கள். ஒரு கம்பி 12 மீட்டர். மி.மீ. அளவை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பி ஒன்று ஏறக்குறைய 10.65 கிலோ, 8 மி.மீ. 4.74 கிலோ. கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ரொம்பக் குறைந்தால் கேளுங்கள். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து இறக்குங்கள். பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய போராட்டம் தண்ணீர் விடுவதுதான். கொத்தனார் வேலை முடிந்து போய்விடுவார். தண்ணீர் விடுவது யார் வேலை என்று யாருமே பேசியிருக்க மாட்டார்கள். ரூஃப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம், பில்லருக்குச் சாக்கு சுற்றி நனைத்தோம். ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட் என்றால் 10 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. இப்போது கடையில் அதிகம் கிடைப்பது பிபிசிதான். நம் வெயிலுக்கு 14 நாள் விடுங்கள். ஒப்பந்தம் பேசும்போதே காலையும் மாலையும் தண்ணீர் விட ஆள் யார், அவருக்குக் கூலி யார் கொடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் பேஸ்மென்ட் வரை சொந்தமாகச் செய்து, அதற்கப்புறம் மொத்த காண்ட்ராக்டுக்கு மாறினேன். வேலையில் இடமாற்றம் வந்துவிட்டது. வாரக் கடைசியில் மட்டும் வந்து பார்க்கிறவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அக்கா சொன்ன மாதிரி லோடு அளக்கவே ஓர் ஆள் சைட்டில் இருந்தாக வேண்டும். வங்கிக்கடன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வங்கி ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகுதான் பணத்தை விடும். ஆனால் சனிக்கிழமை வந்தால் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், ஜல்லிக்காரருக்கும் கையில் பணம் வேண்டும். அடுத்த கட்டத்துக்கான பணம் உங்களிடம் எப்போதும் இருக்க வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு நம் ஊர் ஆட்கள் போய்விடுவார்கள், ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடமாநிலத் தம்பிகள் போய்விடுவார்கள். ஆடி, மார்கழியில் நிலை வைக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். இதையெல்லாம் காலண்டரில் குறித்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள். சொந்தமாகக் கட்டினால் இன்ஜினியர் எதற்கு, மேஸ்திரிக்குத் தெரியாதா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு அனுபவப்பட்டவர்கள் பதில் சொன்னால் நல்லது.

திருச்சியிலிருந்து:

இன்ஜினியர் கட்டாயம் வேண்டும் தம்பி. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று முறை இருக்கிறது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. நல்ல வசதிதான். ஆனால் காண்ட்ராக்டரும் இல்லாத வீட்டில், கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கப் படித்த கண் ஒன்றாவது வேண்டாமா? மண்ணைப் பார்த்து அஸ்திவாரம் சொல்ல, கம்பி வரைபடம் போட, ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன்னால் வந்து பார்க்க என்று கட்டணம் பேசிவிடுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மெஷினை வரச் சொல்ல வேண்டும். முட்டு எப்போது பிரிப்பது என்பதையும் அவரே சொல்லட்டும். அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று சென்ட்ரிங் ஆட்கள் அவசரப்படுவார்கள். ஓபிசிக்கே, தாங்கும் சுவருக்கும் சுவருக்கும் (அல்லது பீமுக்கும் பீமுக்கும்) இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ரூஃபுக்குக் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பிபிசிக்கு இன்னும் கூடும்.

மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத்தை வெள்ளைத் தாளிலாவது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சதுர அடி ரேட்டை மட்டும் பேசிவிட்டு விட்டால் கடைசியில் அளவெடுக்கும்போது சண்டை வரும். போர்ட்டிகோ, சன்ஷேட், சம்ப், செப்டிக் டேங்க், மாடிப்படிக்கு மேலே வரும் அறை, பேரபெட் சுவர் (மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்) எல்லாம் சதுர அடியில் சேருமா, தனி ரேட்டா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்), ரூஃப், பூச்சு என்று கட்டம் பிரித்து, அந்தந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு என்றும் போடுங்கள். பூச்சு முடிந்த பிறகு கொடுப்பதற்கு ஒரு நல்ல தொகை பாக்கி இருக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள். தரை, படிக்கட்டு, சில்லறை வேலைகளுக்கு மேஸ்திரி திரும்ப வர வேண்டியது அந்த நேரத்தில்தான்.