மூன்றாம் வருடத்தில் யுனிவர்சிட்டி மாறலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் அக்கா மகன் அமெரிக்காவில், ஓஹியோவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறான். இப்போது மூன்றாம் வருடம், நல்ல மார்க். திடீரென்று ஹார்வர்ட், கார்னெல் என்று ஆரம்பித்துவிட்டான்.

விசாரித்த வரை ஹார்வர்ட் கதவு மூடிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களை அவர்கள் டிரான்ஸ்ஃபரில் எடுப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டில் பட்டம் வாங்க அங்கேயே குறைந்தது இரண்டு வருடம் படிக்க வேண்டும். கார்னெல் வருடாவருடம் நூற்றுக்கணக்கானவர்களை எடுக்கிறது, அதனால் பையனின் கண் அதன்மேல்தான். ஆனால் அங்கும் நான்கு செமஸ்டர், அதாவது இரண்டு வருடம், அங்கேயே படிக்கச் சொல்வார்கள் என்கிறார்கள். அப்படியானால் நான்கு வருடப் படிப்பு ஐந்தாகும்; கூடுதல் வருடத்தின் ஃபீஸை நினைத்து அக்காவுக்குத் தூக்கமில்லை. (மாமா வாயே திறக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.)

இப்படித் தாமதமாக மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இவன் முடித்த எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் வழியாக ஆராயும் பாடம்) போன்ற மேல்நிலைப் பாடங்களை மேஜரிலேயே, அதாவது முதன்மைப் பாடத்திலேயே சேர்த்துக்கொள்வார்களா, இல்லை வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்று ஒதுக்கிவிடுவார்களா? பழைய சிலபஸ் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், சிபாரிசுக் கடிதம். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் இவன் பெயர்கூடப் பேராசிரியருக்குத் தெரியாது, யாரிடம் கேட்பது?

என் எண்ணம், இங்கேயே முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு நல்ல இடம் தேடலாம் என்பது. நான் சொன்னால் கேட்க மாட்டான். விண்ணப்பிக்க வேண்டிய மார்ச் கெடுவுக்குள் முடிவெடுக்க வேண்டும், தெரிந்ததைக் கமெண்டில் எழுதுங்கள்.