வீட்டுக் கடன் நோட்டீஸ்: நம்பகமான சட்ட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தொழில் நொடித்துப் போனதால் என் அண்ணனால் வீட்டுக் கடன் தவணைகளைக் கட்ட முடியவில்லை. அடமானச் சொத்தைக் கையகப்படுத்திக் கடனை மீட்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 13(2) பிரிவின்கீழ், 60 நாட்களுக்குள் நிலுவை முழுவதையும் செலுத்தக் கோரி வங்கி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும் என்பதும், வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கினால் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஆட்சேபத்தை முறையாக எழுதவும், ஓ.டி.எஸ். (வங்கியுடன் ஒரு தொகைக்கு உடன்பட்டுக் கடனைத் தீர்க்கும் ஒருமுறைத் தீர்வு) மூலம் கடனை முடிப்பது குறித்து வங்கியிடம் பேசவும் அனுபவமுள்ளவரின் துணை வேண்டும்.

இதற்கிடையே தரகர் ஒருவர் வீடு தேடி வந்து, ஏலத்தை நிறுத்தித் தருவதாகச் சொல்லி, முன்பணத்தோடு வெற்றுத்தாளில் கையெழுத்தும் கேட்டார். அப்படிக் கேட்பவரை நம்பவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அண்ணனோ தூக்கமின்றித் தவிப்பதால், யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருக்கிறார். அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

தீர்ப்பாயத்தில் தொடர்ந்து வழக்காடுபவரும், கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் தருபவருமான வழக்கறிஞரை நேரடி அனுபவத்தில் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். அண்ணியும் இணைக் கடனாளி. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுகவிருக்கிறோம். அங்கே இத்தகைய வழக்குக்கு உதவி பெற்றவர்கள், என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.