மெட்டுப் போடப் பழகியது எப்படி? கடற்கரைக்காரர்கள் அனுபவம்

பாம்பன் பக்கம் ஒரு பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். திருவிழா வந்துவிட்டால் புதுப் பாட்டு வேண்டும் என்பார்கள், அது என் தலையில்தான் விழும். மெட்டு தானாக வரட்டும் என்று கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் கை பழகிய நாலு கார்டிலேயே (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) சுற்றிக்கொண்டிருக்கும். கடைசியில் போன வருஷப் பாட்டின் தங்கச்சி மாதிரி ஒன்று கிடைக்கும். அதனால்தான் கையைக் கட்டிப்போடுகிற பயிற்சிகளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பயிற்சியில் ஒரே ஸ்வரம்தான். ஒரு வரியை எடுத்துக்கொண்டு, ச-வை விட்டு ஏறாமல் இறங்காமல் ஆதி தாளம் (எட்டு எண்ணிக்கை) போட்டுப் பாட வேண்டும். என் வரி: 'கடல்வழி படகினில் வாரும் ஐயா'. (காவியம் இல்லை, பயிற்சிக்கு இது போதும்.) குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கேதான் வேலைக்கு வருகிறது. 'படகினில்' முழுக்கக் குறில், ஓடிவிடும். 'வா' தாளத் தட்டில் விழுந்தால் வரி சம்மணம் போட்டு உட்காரும். கி-யைத் தட்டில் வைத்து இழுத்தால் 'படகீனில்' ஆகி, குழுவில் பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரே வரியை இப்படிப் பல விதமாக உட்கார வைத்த பிறகுதான் அடுத்த ஸ்வரத்தைத் தொடுவேன்.

அப்புறம் ச ரி க ப, நாலே ஸ்வரம், இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் இரண்டு முழுச் சுற்று). முதல் ஆவர்த்தனம் ரி-யிலோ ப-விலோ தொங்கி நிற்க வேண்டும், இரண்டாவது ச-வில் வந்து இறங்க வேண்டும். ச-விலிருந்து ப-வுக்கு ஒரே ஒரு தாவல் உண்டு. தாவினால் உடனே எதிர்ப்பக்கமாகப் படிப்படியாகத் திரும்பியாக வேண்டும். இதிலேயே பத்துப் பதினைந்து மெட்டு தேறும், பாதி குப்பைதான். மீதியில் ஒன்றிரண்டு பாட்டாகிவிடும்.

சின்ன வயதில் பாடிய அலங்காரங்களையும் (தாளத்துக்குத் தாளம் மாறும் ஸ்வரப் பயிற்சிகள்) இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஆறு எண்ணிக்கை ரூபக தாளத்தில் 'ச ரி | ச ரி க ம', ஏழு எண்ணிக்கை திரிபுடை தாளத்தில் 'ச ரி க | ச ரி | க ம'. ஏறுகிற படி அதேதான், தாளம் வெட்டுகிற இடம்தான் வேறு. நாம் அதைக் குரல் பழக்கமாக மட்டும் வைத்துக்கொண்டோம். போட்ட மெட்டை அதேபோல ஏழு எண்ணிக்கைக்கு மாற்றிப் பாருங்கள், எந்தச் சொல் வீணாக நீட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்த இடம் கரைவலை இழுக்கிற மணல்தான். வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்திருப்பார்கள். அம்பா (வலை இழுக்கும் பாட்டு) எடுத்துக் கொடுப்பவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். அந்த வாங்கலில்தான் இழுப்பு. வரி நீளலாம், குறையலாம், நடுவில் கேலிகூட வரலாம், ஆனால் வாங்குகிற இடம் நகராது. போனில் பதிவு செய்து எழுதிப் பார்த்தேன்: மூன்று நாலு ஸ்வரத்துக்கு மேல் இல்லை, வரி முடியும் முன்பே பதில் ஏறிவிடுகிறது. ஏன் அப்படி என்று பெரியவரிடம் கேட்டேன். "இடைவெளி விட்டா கயிறு பின்னால போயிரும் தம்பி" என்றார். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் பக்கத்தில் வரும், வரியும் குட்டையாகும், வேகமும் கூடும். இப்போது எங்கள் குழுவுக்கு நான் போடும் பாட்டில் பல்லவியை வாங்குகிறவர்கள் ஒரு அட்சரம் (ஒரு எண்ணிக்கை) முன்னாலேயே நுழைகிறார்கள்.

இரண்டு குரல் எழுத, 1725-இல் வியன்னாவில் ஃபுக்ஸ் என்ற இசையமைப்பாளர் போட்ட பாடமுறையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய இசையமைப்பாளர் ஹைடன் ஆசான் இல்லாமல் இதை வைத்தே பழகியவர். ஒரு குரலின் ஒரு ஸ்வரத்துக்கு மற்றதில் ஒரு ஸ்வரம், பிறகு ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நாலு, அடுத்து தாளத்துக்குத் தள்ளி இழுப்பது, கடைசியில் எல்லாம் கலந்து. நான் இன்னும் இரண்டாம் படியில்தான் நிற்கிறேன். மேலே ப, கீழே ச இருக்கும்போது இரண்டும் சேர்ந்தே ஏறி த, ரி ஆகக் கூடாது. அப்படிப் போனால் இரண்டு குரல் ஒன்றாக ஒட்டிவிடும். ப இறங்கி ம-வுக்கு வர, ச ஏறி ரி-க்குப் போனால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

—

கீழக்கரையிலிருந்து:

நாங்கள் பைத்து (இஸ்லாமியப் புகழ்ப்பாட்டு) சபையில் தப்ஸ் (கைப்பறை) அடித்துப் பாடுகிறவர்கள். எங்கள் உஸ்தாத் வைத்த பயிற்சி அண்ணன் சொன்னதற்கு நேர்மாறு. முதலில் தெரிந்த மெட்டு, அதற்குப் புது வார்த்தை. அது சரியாக உட்கார்ந்த பிறகு மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வார்த்தைக்கு வேறு மெட்டு. நடுவில் தத்தகாரம் (சொல்லின் குறில் நெடிலைத் தன, தான என்று அளப்பது) எழுதியாக வேண்டும். அண்ணன் வரியில் 'படகினில்' என்றால் தனதன, 'வாரும்' என்றால் தான. தத்தகாரம் பிசகாமல் எழுதி வராதவனுக்குத் தப்ஸைக் கையில் தர மாட்டார். கடுப்பாக இருக்கும். ஆனால் இப்போது எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது தானாகத் தனதன போட்டுப் பார்க்கிறது.

—

ராமநாதபுரத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன்:

தம்பி, உங்கள் நாலு ஸ்வரத்தோடு த-வைச் சேருங்கள், மோகன ராகம் வந்துவிடும். வர்ணம் (ராகத்தைப் பழக்கும் பயிற்சிப் பாட்டு) பழகுகிற பிள்ளைகள் எல்லாரும் பாடுகிற மோகன வர்ணம் 'நின்னுகோரி' நம்ம ஊரில் பிறந்த பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) செய்தது. அதை மனப்பாடம் செய்ததோடு என் பிள்ளைகளை விடுவதில்லை. சரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு எத்துகடை ஸ்வரம் (சரணத்துக்குப் பின் பாடும் ஸ்வர வரிசை) எழுதி வரச் சொல்வேன். முதலில் நீள ஸ்வரங்கள் மட்டும், ஒரே ஆவர்த்தனம். பிறகு துரித ஸ்வரங்கள், இரண்டு ஆவர்த்தனம். ஏறுவதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. சரணத்தின் எடுப்புக்கு (அது தொடங்கும் இடத்துக்கு) முட்டாமல் வந்து சேருவதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். அதனால் கடைசி நாலு ஸ்வரத்தை முதலில் எழுதிவிட்டு, பின்னாலிருந்து முன்னால் வரச் சொல்கிறேன். இந்த ஒரு மாற்றத்துக்கே பிள்ளைகள் எழுத்து தெளிந்துவிட்டது.

—

அக்கா, பின்னாலிருந்து எழுதுவது எனக்குப் புதுசு, இன்று ராத்திரியே பார்த்துவிடுகிறேன். கொடியேற்றத்துக்குள் பாட்டு முடிய வேண்டும். கீழ்க்குரலுக்கு ஆள்தான் இன்னும் அகப்படவில்லை.